விட்டு விட்டு

செருப்புக் கடையை மூடிய பிறகு அந்த அறை
வகுப்பானது. கால் அளக்கும் இரும்புத் தகடு
இன்னும் சுவரோரம் கிடக்கிறது.
வெளியே கனாவா ஆற்றின் மேல் ஜனவரி.
பன்னிரண்டு பேர். நாற்பத்தொரு வயதில் நான்,
போன மாதம் வரை வங்கி ஜன்னலுக்குப் பின்னால்
மற்றவர் பணத்தை எண்ணியவள்.

முதல் நாள் மார்வா ஹென்ஸ்லி
பலகையில் ஒரு சொல்லை எழுதி அடித்தாள்:
சுத்தம்.
"சிறுநீர்க் கோப்பையைப் பார்த்து
இப்படி எழுதினால்
போன வாரம் அந்த ஆள் அழுக்கா?"
அடுத்து 'அடிமை'. அதற்கும் ஒரு கோடு.
மிச்சமிருக்கும் சொற்களை வைத்து
ஒரு மனிதரைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னாள்.
நாலு வரி தாண்டவில்லை யாரும்.

பதினோரு கேள்விகள்.
இரண்டு தேறினால் லேசு,
ஆறு தேறினால் தீவிரம்.
தேறத் தேறத் தேறாதவர் ஆகிற
வேறொரு பரீட்சை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமைகளில் டெல்மர் வருவார்,
மணிக்குப் பதினெட்டு டாலருக்கு
நோயாளியாக நடிக்க.
அட்டையில் அவர் பெயர் ரான், வயது முப்பத்து நாலு,
லாரி ஓட்டுநர், மனைவி போய்விட்டாள்.
அட்டைக்கு வெளியே அறுபத்து மூன்று.
சுரங்கக் கூரைக்குப் போல்ட் முடுக்கியவர்,
ஒன்பது வருஷமாகத் தொடாதவர்.
எங்களுக்காக வாரம் ஒரு தரம்
மறுபடி விழுவார்,
நாற்பது நிமிஷம், நடுவில் காபி.

"விட்டுவிட்டேன்" என்றார் ரான்.
எழுதிக்கொண்டேன்.
மார்வா என் தாளைத் தூக்கிப் பிடித்தாள்.
அவசரக் கையெழுத்தில் நடுவே ஓர் இடைவெளி,
மழை பெய்வதைச் சொல்வதுபோல
விட்டு விட்டு என்று நின்றிருந்தது.
"எது சரி?"
"ரெண்டும்தான்" என்றார் டெல்மர்.
அது ரானின் குரல் இல்லை.

என் வியாதியும் அன்றுதான் பிடிபட்டது.
எதிரில் இருப்பவர் மூச்சிழுக்கும் முன்
யோசனை சொல்லிவிடுகிற வியாதி.
"கை மேல் உட்கார்" என்றாள் மார்வா.
உட்கார்ந்தேன். விரல்கள் மரத்துப்போயின.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்,
நிறுத்த எவ்வளவு தயார்?
மூன்று, என்றார்.
மூன்றுதானா என்று கேட்கக் கூடாது.
ஏன் ஒன்று இல்லை என்று கேட்க வேண்டும்.
கேட்டேன். பிறகு
தாளில் இல்லாததையும் கேட்டுவிட்டேன்:
"அது உங்களுக்கு என்ன கொடுத்தது?"

டெல்மர் அட்டையைத் திருப்பினார்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
"முதல் மாத்திரை போட்ட ராத்திரி
முதுகுன்னு ஒன்னு இருக்கிறதே மறந்துபோச்சு.
மக பாடம் படிச்சா, தவளையைப் பத்தி.
முட்டையிலிருந்து வால் உதிர்றவரைக்கும்
முழுசாக் கேட்டேன்.
அதுக்கு முன்னாடியெல்லாம்
பாதியிலேயே கத்தித் துரத்திருவேன்."
மார்வாவின் மணி அடித்தது.
நிறுத்தக் கை போகவில்லை அவளுக்கு.

மூச்சு நின்றவரை எழுப்பும் ஊசியை
ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகியிருந்தோம்.
ஆறு குத்து வாங்கிய ஒன்றை
இடைவேளையில் உரித்துத் தின்றார்.
"லேசா உப்பு" என்றார்.

அடுத்த வியாழன் ஆறு மணி. ஆளில்லை.
ஆறேகால்.
போன் எடுக்கவில்லை என்றாள் மார்வா.
நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
உள்ளுக்குள் மட்டும்
முதல் கேள்விக்கு ஒரு டிக்,
மூன்றாவதுக்கு, ஏழாவதுக்கு,
தவளை படித்த அந்த மகளுக்கு
யார் சொல்வார்கள் என்பதுவரை
படிவம் நிரம்பிவிட்டது,
பென்சிலால்கூட இல்லை, பேனாவால்.

ஆறரைக்குக் கதவு திறந்தது.
பாலத்தின் மேல் டயர் வெடித்ததாம்,
பனியில் ஜாக்கி வழுக்கியதாம்.
நான் கை கொடுக்க எழுந்தேன்.
பின்வாங்கினார்,
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி:
"வேண்டாம், அழுக்கு."

மார்வா பலகைப் பக்கம்
திரும்பவே இல்லை.