நீடாமங்கலம் கேட்டில் சுசூகா

கேட் போட்டாச்சு.
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
குட்டியானையில் நானும் இருபது மூட்டைக் குறுவையும்.
ஈரம் பத்தொன்பது என்று
கொள்முதல் நிலையம் திருப்பிய நெல்.

கைபேசியில் சுசூகா. அங்கும் தூறல்.
எட்டுப் போட்ட தடம்
தன்னையே குறுக்கிடும் இடத்தில் ஒரு பாலம்;
மேலே போகிறவன்
கீழே வருகிறவனுக்காக நிற்பதில்லை.

அறுபத்திரண்டில் திறந்தது.
முதலில் பார்த்த இடம் வயலாம்;
நெல்லில் கை வைக்காதே என்று யாரோ சொல்ல
தடம் மேட்டில் ஏறிக்கொண்டதாம்.

"எத்தனாவது ரவுண்டு?"
பின்னால் புல்லட்டில் கஸ்ஸாலி.
பாதுகாப்பு கார் முன்னால், எல்லாரும் ஊர்கிறார்கள் என்றேன்.
"அப்ப நம்ம ஊருதான்."

எங்களுக்கும் பாலம் வருகிறது.
கல் ஊன்றியாயிற்று,
நட்டுப் பத்து நாளான தாளடிக்குள்.

ஆரன். கேட் அசையவில்லை.
எவனோ அதற்குள் கியர் போட்டுவிட்டான்.