முழங்கை

பன்னீர் தன் பழைய இரும்புக் கடையில்
கிலோ முப்பத்தெட்டுக்கு எடைபோட்டது
பெட்டியை மட்டும்.
உள்ளே இருந்த பச்சைப் பலகையை
"இதுல பித்தளையே இல்லக்கா, சும்மா எடுத்துக்க" என்றார்.
நாற்பது வருடம் முன்பு
யாரோ காசு போட்டுச் சுட்ட விண்கலங்கள்
அதற்குள் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
ஐ.சி.களின் முதுகில் எலிப்புழுக்கை.
பேட்டரி ஒழுகிய இடத்தில்
செம்புக் கோடுகள் களிம்பு பூத்திருந்தன.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என் கடை.
கேட் போட்டால் வியாபாரம்.
இன்ஜினைக் கழற்றித் திருப்பி மாட்டும்வரை
வண்டியை அணைத்துவிட்டு வந்து
டெம்பர் கிளாஸ் என்ன விலை என்பார்கள்.
திறந்தால் ஈ காக்கை இல்லை.
அந்த நேரத்தில்தான் பலகை.

முதலில் மின்சாரம்.
ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில்
நாலு புள்ளி மூன்று.
வினிகர், பல் துலக்கும் பிரஷ்,
அரித்துப்போன கோடுகளுக்கு மயிரிழைக் கம்பி.
ஐந்து வந்தது. திரையில் குப்பை,
காயப்போட்ட உளுந்தின் மேல்
கோழி நடந்த மாதிரி.

ப்ராசஸரைப் பூப்போலக் கழற்றிப் பஞ்சில் வைத்தேன்.
அந்த நாற்பது துளைகளுக்கும் வயர் இழுத்து
முந்நூற்றைம்பது ரூபாய் மைக்ரோகண்ட்ரோலரை
அதன் இடத்தில் நடிக்க வைத்தேன்.
நான்தான் பழைய ஆள் என்று சொல்லி
முகவரி முகவரியாகக் கதவைத் தட்டும்;
எழுதும்; எழுதியதைத் திருப்பிக் கேட்கும்.

ரோம் நாலும் பிசகாமல் ஒப்பித்தன.
ராம்தான் பிடிகொடுக்கவில்லை.
எதை எழுதினாலும்
தன் பழைய உளறலையே திருப்பிச் சொன்னது.

மூணாறு தலைப்பில் ஷட்டரை ஏற்றிய பிறகும்
கடைமடை காய்ந்து கிடந்தால் யாரைக் கேட்பது?
நான் சிப்பைக் கேட்டேன்.
சூடு வைத்து, ஈயம் உறிஞ்சி, பிடுங்கி,
வேறு வைத்தேன். உளறல்.
அதற்கு முன்னால் நிற்கும் கேட் ஐ.சி.யைப் பிடுங்கினேன்.
உளறல்.
மூன்று வாரம், நாலு சிப்.
கடைசியைப் பிடுங்கியபோது
செம்புப் பேடும் தோலாக உரிந்து வந்தது.
அன்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை. கேட் போட்டிருந்தது.
நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டரை நிறுத்திவிட்டு
அருள்தாசு வந்தார்.
போன் ஸ்பீக்கருக்குள் சேறு போய்விட்டதாம்.
சொல்லிக்கொண்டே மேசையில் முழங்கையை ஊன்றினார்.
லேப்டாப்பில் வரி மாறியது:
ராம் சரி.

"அசையாதீங்கண்ணே."
"ஏன், ஷாக் அடிக்குமா?"
"இல்ல. அப்படியே இருங்க."

முழங்கைக்கு அடியில் மஞ்சள் வயர்.
எழுது என்று சொல்லும் வயர்.
நான் இழுத்த நாற்பதில் ஒன்று.
உறைக்குள் அறுந்து
வெளியே முழுசாக மினுங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்ட வாயில்தான் கோளாறு.
டப்பாவில் நாலு நல்ல சிப்கள்
கால் மடங்கிக் கிடந்தன.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கேட் திறந்தது. ஒரே ஹாரன்.
அவர் முழங்கையை எடுத்தார்.
உளறல்.

வயரை மாற்றிவிட்டேன்.
உரிந்த பேடுக்குக் கம்பி போடவேண்டும்,
அது என் கணக்கு.
சந்தேகப்பட இனி ஒருவர்தான் மிச்சம்:
முதல் நாளே மரியாதையாகப்
பஞ்சில் படுக்க வைத்தேனே, அவர்.
புதிதுக்குச் சொல்லியிருக்கிறேன். பார்சல் திருச்சியில் நிற்கிறது.

அருள்தாசு போனை விட்டுவிட்டே போய்விட்டார்.
சேறடைத்த வாயோடு
மேசையில் அது அதிர்ந்து அதிர்ந்து
பலகையை நோக்கி நகர்கிறது.