ஒரு மீட்டர்

மார்ச் மாதம். சின்னக் கடல்.
பெயர்தான் கடல். பைகால் ஏரியின் ஒரு கை.
நாக்கில் விட்டால்
எதையும் சொல்லாத தண்ணீர்.

பனிச்சாலை பிளந்து
டாம்பாவின் லாரி இறங்கிப்போன இடத்தில்
சதுரமாய் ஒரு கதவு அறுத்தோம்.
கயிறு என் கையில்.
மீட்டருக்கொரு சிவப்பு நூல்,
நானே அளந்து கட்டியது.

யெஃபிம் விளாதிவஸ்தோக்கிலிருந்து வந்தவன்.
இருபது வருடம் உப்பில் ஊறியவன்.
இடுப்பைச் சுற்றிக் கடலுக்கான ஈயம்.
"ரெண்டு கிலோ கழற்று,
இங்கே தண்ணீர் அவ்வளவாய்த் தாங்காது" என்றேன்.
சிரித்தான்.
ஒரு கட்டியை மட்டும் கழற்றினான்.

ஒரு இழுப்பு: நலம்.
மூன்று இழுப்பு: லாரி.

மேலே வந்ததும்
மீசைப் பனியோடு மணிக்கட்டைக் காட்டினான்:
நாற்பது.
என் நூல்: நாற்பத்தொன்று.

"உன் நூல் நனைந்து நீண்டிருக்கும், செசெக்மா."
"உன் முள் குளிரில் விறைத்திருக்கும்."

கண்ணாடியும் முள்ளும் இருக்கும்போது
கந்தல் நூலை யார் நம்புவார்கள்?
டிராக்டரின் கம்பிவடம் முப்பதுதான்.
இன்னொரு துண்டு பூட்டி
சரியாய் நாற்பதுக்கு இறக்கினார்கள்.

இரண்டாம் முறை போனவன்
ஒரு கையில் கொக்கி,
மறு கையில் லாரியின் வளையம்,
நடுவே ஒரு மீட்டர் இருட்டோடு
எவ்வளவு நேரம் தொங்கினானோ.
கயிறு என் உள்ளங்கையில்
வசைபாடியது.

அந்த முள் பொய் சொல்லவில்லை.
ஆழம் என்பதே அதற்குத் தெரியாது.
தன் தலைமேல் உட்கார்ந்திருப்பதன்
எடை மட்டும் தெரியும்.
இத்தனை எடைக்கு இத்தனை மீட்டர் என்று
கடலை வைத்து யாரோ கற்பித்திருக்கிறார்கள்;
உப்பிட்டவரை
இங்கே வந்தும் அது மறக்கவில்லை.
அங்கே நாற்பது மீட்டர் அழுத்துவதை
எங்கள் ஏரி நாற்பத்தொன்றில்தான் அழுத்துகிறது.
நல்ல தண்ணீர் கொஞ்சம் லேசானது.
லேசானது என்பதால்
மூழ்கியவனுக்கு ஒன்றும் சலுகை இல்லை.

பேருந்துக்காரி துல்மா
தன் இழுவைக் கயிற்றைத் தந்தாள், திட்டிக்கொண்டே.
இரண்டு மணி நேரம் கழித்து
முகப்பு விளக்கு வழியாக ஏரி வழிய
லாரி வந்தது.
மீன் பெட்டிகள் காலி.

யெஃபிம் எதுவும் சொல்லாமல்
இன்னொரு ஈயக்கட்டியையும் கழற்றிப்
பனியில் வைத்தான்.

எவ்வளவு ஆழம் என்று
காவல்துறைப் படிவம் கேட்டது.
டாம்பா என்னைப் பார்த்தான்,
அவனைப் பார்த்தான்,
பேனாவை வாயால் ஊதிச் சூடாக்கி
நாற்பதரை என்று எழுதினான்.

அந்த ஆழத்தில்
எதுவுமே இருந்ததில்லை.