தண்டல்

எங்கள் ஊரில் தண்டல் என்றால் இரண்டு பேர்.
காலையில் பைக்கில் வரும் கலியமூர்த்தி:
பத்தாயிரம் என்று எழுதி
எட்டாயிரத்து ஐந்நூறு தந்து
நூறு நாள், நாளுக்கு நூறு.
அப்புறம் நான்,
நகராட்சி வருவாய்ப் பிரிவு,
வார்டு பதினொன்று முதல் பதினாறு வரை.
அவனுக்கு டீ கிடைக்கும்.

மார்ச் முப்பத்தொன்று.
பாமணியாற்றில் ஆகாயத்தாமரை காய்ந்து கிடக்கிறது.
மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி,
முறை வைத்து, முறை மாறி
கடைமடைக்கு வருவதற்குள்
தண்ணீருக்கே கால் வலித்துவிடும்.
நிதியும் அப்படித்தான், என்பார்
கணக்கர் குஞ்சிதபாதம்.
"கரண்ட் பாக்கிக்கு அங்கேயே பிடித்தம்,
குடிநீர் வாரியத்துக்குப் பிடித்தம்,
பென்ஷன் பங்குக்குப் பிடித்தம்.
நமக்கு வருவது ஈரம்."

ஈரத்தை வைத்து எதை நடுவது?

சொந்தக் காலில் நில்லுங்கள் என்று ஓர் ஆணை வந்தது,
வரியை ஏற்றினால்தான் மானியம் என்று.
மன்றம் கூடியது.
தேர்தல் வருகிறதே, என்றார் ஒன்பதாவது வார்டு.
எங்கள் பக்கம் இன்னும் நாற்றங்கால்தான்,
நகரமே வரவில்லை, வரி எப்படி வரும்
என்றார் இருபத்திரண்டு.
ஒத்திவைப்பு.
பிறகு இன்னோர் ஆணை: ஏற்றியிருந்தால் நிறுத்தி வை.
பிறகு ஒரு கடிதம்: ஏன் ஏற்றவில்லை?
மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து வைத்திருக்கிறோம்,
ஒன்றின் முகம் ஒன்று பார்க்காதபடி.

கல்யாண மண்டபத்தின் வரிக்கு
எட்டு வருடமாக நீதிமன்றத் தடை.
அதன் சமையல்கட்டுத் தண்ணீருக்குத் தடை ஏதும் இல்லை,
எங்கள் வாய்க்காலில்தான் ஓடுகிறது, சாம்பார் வாசனையோடு.
தாலுகா ஆபீஸ் தர வேண்டியது ஒன்பது லட்சம்.
கேட்டால், அரசாங்கம் அரசாங்கத்திடம் கேட்கலாமா
என்று சிரித்து உட்காரச் சொல்கிறார்கள்.
கோயில் மனையில் குடியிருக்கும் வைத்திலிங்கம்
வாசலிலேயே மறித்தார்:
"மண்ணு சாமியோடது, வீடு என்னோடது.
சாக்கடை மட்டும்தானே உங்களோடது?"
பதில் யோசித்தபடி மூன்று தெரு நடந்தேன்.
வரவில்லை.

பேருந்து நிலையம், கடை எண் பதினேழு.
ரவிக்கை தைக்கும் பரக்கத் நிஷா
பாக்கி முழுவதும் கட்டினார்.
மேலே பத்தும் இருபதும், அடியில் கொஞ்சம் ஐந்நூறு.
அந்த ஐந்நூறுகள்
நீளவாக்கில், நான்காக மடித்தவை.
இந்த ஊரில் நோட்டை அப்படி மடிப்பவன் ஒருவன்தான்.
நான் கேட்கவில்லை.
ரசீது கிழித்தேன்.
அவர்தான் கேட்டார்:
"இதுல இந்தத் தெருவுக்கு எவ்வளவு சார் வரும்?"
ரசீதைத் திருப்பியும் பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

இரவு பத்தரை.
ஆபீஸுக்குப் போகுமுன் எண்ணிவிட வேண்டும்.
தெருவிளக்கு பொங்கலிலிருந்தே இல்லை.
விளக்குக்கு டெண்டர், டெண்டருக்கு நிதி,
நிதிக்கு நான்.
பதினேழாம் எண் ஷட்டருக்கு வெளியே
அவர் தன் மீட்டரிலிருந்து இழுத்துக் கட்டிய
ஒற்றை பல்ப் எரிந்துகொண்டிருந்தது.
அதன் கீழே பைக்கை நிறுத்தி
சீட்டில் பரப்பி
ஊரின் பணத்தை எண்ணினேன், இரண்டு தடவை.
பதினொரு ரூபாய் குறைந்தது.
என் பையிலிருந்து போட்டேன்.
நான்காக மடித்தவை மட்டும்
எவ்வளவு நீவியும்
படுக்க மாட்டேன் என்றன.