எதிர்க்குழாய்

ஒன்பது மில்லி இரத்தம்.
எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர்.
நிறை பிசகினால் சுழலெந்திரம்
மேசையை விட்டு நடக்கப் பார்க்கும்;
ஒருமுறை நடந்தது, கையால் பிடித்திருக்கிறேன்.

விட்டோரியாவில் அன்றும் மழை.
இதோயா கல் தூக்குகிறவள்.
அஸ்பெய்ட்டியா சதுக்கத்தில் நூறு கிலோ உருளையை
மடியேற்றி, மார்பேற்றி, தோளேற்றி,
மெத்தையில் போட்டுவிட்டு மறுபடி குனிவாள்.
போன ஜூலையில், ஒன்பதாவது தடவை,
முழங்கைக்குள் பழந்துணி கிழிகிற சத்தம்.
தனக்கு மட்டும் கேட்டதாம்.

"இது எவ்வளவு தூக்கும்?"
குழாயைக் காட்டிக் கேட்டாள்.
சுற்றும்போது தன் எடையைப் போல
ஐந்நூற்றெண்பது மடங்கு கனக்கும் என்றேன்.
விரல்விட்டு எண்ணினாள்.
"ஐந்து கிலோ சொச்சம்.
அக்கா மகனே தூக்குவான்."

எட்டு நிமிடம்.
சிவப்பு அடியில் படிந்துவிட்டது.
மேலே, நனைந்த வைக்கோல் நிறத்தில்
இரண்டு விரற்கடை.
"அதுவா நான்?"
அதில் கொஞ்சம், என்றேன்.
"மிச்சம்?"
குப்பைக்கு.
"பாதி அதுதானே!"
ஆமாம்.

தட்டணுக்கள் உடைந்து கொட்டுகிற
வளர்ச்சிக் காரணிகளை நான் கண்டதில்லை.
பன்னிரண்டு வருடமாய்
பக்கத்து அறைக்குக் கொடுத்தனுப்புகிறேன்.
நாணுக்குள் இரத்தம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை;
அவள் எழுதிய கடிதத்தை
அவள் வீட்டுக் கதவிடுக்கிலேயே
ஊசியால் செருகுகிறோம்.
படிப்பார்களா என்பது வேறு.
"சிலருக்குக் கேட்கிறது,
சிலருக்குக் கேட்பதில்லை"
டாக்டர் உர்ரெஸ்தராசு எல்லோரிடமும் சொல்வது;
பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுவார்.

மூன்று வாரம், மூன்று குத்து.
கடைசி முறை எந்திரத்தைப் பார்க்காமல்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வலி அப்படியேதான் இருக்கிறது என்றாள்.
இருக்கும், என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரலில் ஒரு காணொளி அனுப்பினாள்.
ஏழாவது தூக்கு.
கல் மார்போடு நின்றுவிட்டது.
கடிகாரம் ஓடுகிறது, கூட்டம் கத்துகிறது.
தோளுக்கு ஏற்றவில்லை.
போடவுமில்லை.
மார்பிலிருந்து மடி, மடியிலிருந்து மெத்தை,
வந்த வழியே
நூறு கிலோவை இறக்கி வைத்தாள்.
அதற்கு யாரும் புள்ளி தருவதில்லை.

ஒலியை அணைத்துவிட்டு
முழங்கையை மட்டும் பார்த்தேன்.
மூன்று தடவை.

அதற்குள் வெளியே ஒரு சைக்கிள்காரன்
காலை நீட்டிக் காத்திருந்தான்.
அவனுக்கு எதிரில் வைக்கத்
தண்ணீரை நிறுத்து எடுத்தேன்.