ஏழு முறை

சிவப்பு விளக்கு ஏழு முறை கண் சிமிட்டியது.
நின்று, மறுபடி ஏழு.
படமில்லை. சத்தமில்லை.
ஐம்பது அங்குல இருட்டில்
ஜெனோன்ஸின் முகமும் என் டார்ச்சும்.

ரேசெக்னே நகரில் அன்று மைனஸ் பதினெட்டு.
"மூன்று நாளாகப் பூனை என்னோடு பேசுவதில்லை" என்றார்.
பிளாஸ்மா டிவியின் முதுகுதான்
அதற்குக் கணப்பு.

இருபத்தாறு திருகுகள். கழற்றிக் கழற்றி
மீன் டப்பா மூடியில் போட்டேன்.
உள்ளே ஒரு கைப்பிடி பூனைமயிர்.
மின்தேக்கி எதுவும் உப்பவில்லை.
ஃபியூஸ் நலம்.
ஐந்து வோல்ட் வந்து நின்றது;
இருநூறு, எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.
எவனோ உள்ளே இருந்து குடிக்கிறான்.

சந்தேகப்படுவது என் தொழில்.
ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிக்கொண்டே வந்து
இடப்பக்கப் பலகையின் இணைப்பை உருவியதும்
ரிலே 'டிக்' என்றது.

இருட்டு இருட்டாகவே இருக்க
அதற்குள்ளிருந்து ஒரு பெண்
நாளைக்கும் பனி என்றாள்.

ஜெனோன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"எட்டு மணிக்கு ஹாக்கி. இப்படியே விட்டுவிடுங்கள்."
படம்?
"நம் பையன்கள் தோற்பதை நிறையப் பார்த்தாயிற்று."

பலகையைப் பையில் வைத்தேன்,
சுண்டுவிரல் நகமளவு கருகிய சில்லோடு.
வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.
மூடியை மாட்டினேன். ஒரு திருகு
எங்கோ உருண்டுவிட்டது.

பூனை வந்தது.
டிவியின் முதுகில் கன்னம் வைத்துப் பார்த்தது.
சூடில்லை.
திரும்பி என்னைப் பார்த்தது பாருங்கள்,

அன்றிரவே
சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன்.