சில்லறை

முப்பத்தொரு வருடம் பாசெல் நகரத்தில்
அமாரோ கிரேன் ஓட்டினார்.
நான் ஆஸ்பத்திரித் தரை துடைத்தேன்.
இப்போது கலீசியாவின் கரையோரம்
பழைய காரில் ஊர் ஊராய் இறங்கி
எங்கே சாவது என்று பார்க்கிறோம்.
"வாழ்வது என்று சொல், டெல்மிரா."
சரி, வாழ்வது.

அவர் முதலில் பார்ப்பது படகுத்துறை.
நான் பார்ப்பது கொடியில் காயும் துணி.
பிற்பகல் மூன்றுக்கும் சொட்டிக்கொண்டிருந்தால்
அந்த ஊர் என் முழங்காலுக்கு ஆகாது.

கலங்கரை விளக்கத்தின் காலடியில் ஒரு ஊர்,
கண்ணை எடுக்க முடியவில்லை.
நீலக் கதவு, மஞ்சள் கதவு,
பூத்தொட்டி இல்லாத ஜன்னலே இல்லை.
நவம்பரில் எத்தனை வீட்டில் விளக்கெரியும் என்றேன்.
தரகுக்கார இளம்பெண்
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.
ஒரு கையே போதுமாக இருந்தது.

இன்னொன்றில் மீன் ஏலம்.
பெட்டி பெட்டியாய் மத்தி,
ஈரத் தரையெங்கும் செதிலின் வெள்ளி.
வாங்கவும் இல்லை, நகரவும் இல்லை,
ஆட்டத்தில் சேர்க்காத பையன் மாதிரி
பைக்குள் கைவிட்டு நின்றார் அமாரோ.
"அப்பா படகை விற்றுத்தான்
எனக்கு ரயில் டிக்கெட் எடுத்தார்" என்றார்,
ஏலக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டு.
இத்தனை வருடக் குடித்தனத்தில்
இந்தச் செய்தி என்னிடம் வரவில்லை.
"அப்படியென்றால் இங்கேயே இருக்கலாமா?"
"வேண்டாம். தினம் தினம் பார்க்க முடியாது."

பாறை முனையில் ஒரு வீடு, விலை மலிவு.
சமையலறை ஜன்னல் மலையைப் பார்த்து இருந்தது.
இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு ஏன் இப்படி?
விற்கிறவள் சாவியைத் துடைத்தபடி சொன்னாள்:
"என் மாமியார் கட்டச் சொன்ன ஜன்னல்.
பாத்திரம் கழுவும்போதாவது
அது முகத்தில் விழிக்கவேண்டாம் என்று."
எத்தனை பேரை அது எடுத்துக்கொண்டது என்று
நான் கேட்கவில்லை.

என் நோட்டில் ஊர்களுக்கு மதிப்பெண் உண்டு.
ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்,
பேருந்து ஞாயிறன்று வருமா,
நாங்கள் நுழைந்ததும் காபிக்கடையில்
பேச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது.

வழி தவறி நுழைந்த ஊருக்கு
எண் எதுவும் போடவில்லை.
சிமெண்டுக் கோயில். பூட்டிய மீன்டப்பா ஆலை.
தண்ணீர் வற்றிய நேரம், சேற்றின் வாடை.
படம் எடுக்க ஒரு மூலைகூட இல்லை.
காரைத் திருப்ப இடம் தேடியபோது
ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது ரொட்டி வேன்.
கதவுப் பிடிகளில் தொங்கிய துணிப்பைகளில்
ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே வந்தான் ஒருவன்,
உஷியோவாம், காதில் மாவு.
எங்களுக்கும் ஒன்று கேட்டேன்.
ஒரு யூரோ நாற்பது.
என்னிடம் இருந்தது ஐம்பது யூரோத் தாள்.

"சில்லறை இல்லை. நாளைக்குத் தாருங்கள்."
"நாங்கள் இந்த ஊர் இல்லையே."
"நாளைக்குமா?" என்றான்.
பதிலுக்குக் காத்திராமல்
அடுத்த கதவுக்குப் போய்விட்டான்.

நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டோம்.
ரொட்டி அப்போதே தீர்ந்தது,
மொறுமொறுப்பான துகள் மட்டும் வரைபடத்தின் மடிப்பில்.
இன்று தங்கும் ஊர் அழகானது,
பால்கனிக்குக் கீழேயே அலை.
படுத்த பிறகும் எனக்கு உறுத்துகிறது.
கடல் எல்லா ஊரிலும் இருந்தது.
கடன் அந்த ஓர் ஊரில்தான்.

"ஒன்பது மணிக்கு வேன் வரும்" என்கிறார் அமாரோ
இருட்டுக்குள்ளிருந்து.
அவரும் தூங்கவில்லை.
"கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடலாம்."
"ஆமாம், உடனே" என்கிறேன்.
விளக்கைப் போட்டு
பெட்டியின் அடியில் தேடுகிறேன்,
பிடியில் மாட்டுகிற மாதிரி
காது வைத்த ஒரு துணிப்பை.